எண்ணிப் பார்த்த விஞ்ஞானி: டாக்டர் விக்ரம் சாராபாய்

திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் இடையே உள்ள விசயமங்கலம் நம்மவர்க்குப் புதிய ஊரன்று. அங்குள்ள சந்திரப்பிரப தீர்த்தங்கரர் ஆலயத்தைத் தரிசிக்கவும், பெருங்கதை பாடிய கொங்குவேளிரின் நினைவைப் போற்றவும் சென்று வந்தோர் நம்மிடையே உண்டு. அவ்வாலயத்தின் அமைதியிலிருந்து தென்மேற்கே சிறிது தொலைவு சென்றால் பின்னலாடைத் தொழிலின் இரைச்சல் நம்மை எதிர்கொள்ளும். நூல் துணியாகி, துணி சாயம் ஏற்று, வெட்டித் தைக்கப்பட்டு, பனியனாக மடிந்து பெட்டிக்குள் செல்லும் ஊர் திருப்பூர்.

அங்கே ஒரு பனியன் கம்பெனியில் மாலை நேரத்தில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். செக்கிங் மேசையில் கழித்து வைத்த உருப்படிகள் நேற்று மூன்று, இன்று ஏழு. முதலாளிக்குக் கோபம் வருகிறது. பவர் டேபிளில் அமர்ந்திருக்கும் தையற்காரர் திட்டு வாங்குகிறார். குற்றம் உண்மையில் தையற்காரருடையதா, நூலுடையதா, சாயப்பட்டறையுடையதா, அல்லது ஒருவர் குற்றமும் இன்றித் தற்செயலாக நேர்ந்ததா? இக்கேள்வியைக் கேளாமலே தீர்ப்பு வழங்கப்பட்டு விடுகிறது.

இக்கேள்வியை முறையாகக் கேட்கவும், எண்களைக் கொண்டு விடை காணவும் இந்தியத் துணி ஆலைகளைப் பழக்கிய முன்னோடிகளுள் ஒருவர் டாக்டர் விக்ரம் சாராபாய் அவர்கள். இந்திய விண்வெளி ஆராய்ச்சியின் தந்தை என்று பள்ளிச் சிறுவரும் அவரை அறிவர். வானத்தை ஆராய்ந்த அவ்விஞ்ஞானி தம் ஆய்வறிவை ஆலைக்கும் சந்தைக்கும் கொண்டு சென்று, புள்ளி விவரத்தையே மூலதனமாகக் கொண்ட நிறுவனங்களைத் தோற்றுவித்தார் என்பதை அறிந்தோர் சிலரே. அவ்வரலாற்றை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

குடும்பமும் இளமையும்

விக்ரம் சாராபாய் 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் அகமதாபாத் நகரில் பிறந்தார். தந்தை அம்பாலால் சாராபாய், தாய் சரளாதேவி. இவர்களுக்குப் பிறந்த மக்கள் எண்மர். ஸ்ரீமாலி ஜைனக் குலத்தைச் சேர்ந்த இக்குடும்பம் புகழ்பெற்ற காலிகோ ஆலையை நடத்தி வந்தது. பழைய வழக்கங்களைக் காட்டிலும் புதிய கருத்துகளிலேயே நாட்டம் மிகுந்த வீடு அது.

அக்குடும்பத்தாரின் நெஞ்சுறுதிக்குச் சான்றாக ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடலாம். 1915இல் காந்தியடிகள் தம் ஆசிரமத்தில் தாழ்த்தப்பட்ட குடும்பம் ஒன்றைச் சேர்த்துக் கொண்டார். அதனால் செல்வர்களின் உதவி நின்று ஆசிரமமே முடங்கும் நிலை வந்தது. அப்போது தம் பெயர் வெளியே தெரியாமல் 13,000 ரூபாயைக் கொண்டு வந்து கொடுத்துச் சென்றவர் அம்பாலால் ஆவார்.

விக்ரம் பிறப்பதற்கு முந்தைய ஆண்டில் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் போராட்டம் நிகழ்ந்தது. பிளேக் நோய்க் காலத்தில் வழங்கப்பட்ட சிறப்பூதியம் நிறுத்தப்பட்டதால் எழுந்த போராட்டம் அது. ஆலை முதலாளிகளின் பக்கம் முன்னின்றவர் அம்பாலால். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய உடன்பிறந்த சகோதரி அனசூயா பென். தொழிலாளர் கேட்டது 50 விழுக்காடு உயர்வு. முதலாளிகள் தர இசைந்தது 20 விழுக்காடு. காந்தியடிகள் விலைவாசியையும் கூலி நிலையையும் விசாரித்து அறிந்த பின்னரே 35 விழுக்காடு என்ற அளவை நியாயமானதாக முன்வைத்தார். அவருடைய உண்ணாநோன்புக்குப் பின் வழக்கு நடுவரிடம் சென்றது. இறுதியில் நடுவர் வழங்கியதும் அதே 35 விழுக்காடுதான். ஒருவரையொருவர் நம்பாத இரு தரப்பார் இடையே, நேர்மையாகத் தேடிக் கண்ட ஓர் எண் நடுநிலை வகிக்க முடியும் என்பதற்கு அக்குடும்பத்து வரலாறே சான்றாயிற்று.

அம்பாலால் தம் மக்களுக்கென வீட்டிலேயே பள்ளி ஒன்றை அமைத்தார். மாண்டிசோரி அம்மையாரின் முறையைத் தழுவிய அப்பள்ளியில் கைத்தொழிலும் கலையும் அறிவியலும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன. இரவீந்திரநாத் தாகூர் முதலிய பெருமக்கள் அவ்வீட்டுக்கு விருந்தினராக வந்து சென்றனர். இத்தகைய சூழலில் வளர்ந்த விக்ரம் குஜராத் கல்லூரியில் பயின்ற பின், 1937இல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1940இல் இயற்கை அறிவியலில் பட்டம் பெற்றார்.

வானத்துக் கதிர்களை எண்ணுதல்

உலகப் போர் மூண்டதால் தாயகம் திரும்பிய விக்ரம், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி. வி. இராமன் அவர்களின் வழிகாட்டுதலில் ஆய்வைத் தொடர்ந்தார். அவர் எடுத்துக் கொண்ட பொருள் காஸ்மிக் கதிர்கள். விண்வெளியிலிருந்து ஓயாது பூமியின்மீது பொழியும் நுண் துகள்கள் இவை. இவற்றின் வரவு நேரத்துக்கு நேரம் மாறுபடுவது பற்றிய அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை 1942இல் வெளிவந்தது.

அதே ஆண்டு சென்னையில் அவருடைய திருமணம் நடைபெற்றது. மணமகள் மிருணாளினி, சென்னை வழக்கறிஞர் சுவாமிநாதனுக்கும் அம்மு சுவாமிநாதனுக்கும் பிறந்தவர். இந்திய தேசிய இராணுவத்தின் கேப்டன் லட்சுமியின் தங்கை. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் பயின்றவர். இவ்வகையில் சாராபாய் தமிழகத்தின் மருமகனுமாவார்.

காஸ்மிக் கதிர் ஆய்வின் தன்மையைச் சற்று விளங்கிக் கொள்வது நல்லது. அவருடைய பிற்காலப் பணிகளுக்கெல்லாம் வித்து அதில்தான் இருக்கிறது. கைகர் எண்ணி என்னும் கருவி, துகள் ஒன்று தன்னைக் கடக்கும்தோறும் ஓர் எண்ணைக் கூட்டும். ஒரு மணியில் நூறு துகள் வந்தால் அடுத்த மணியிலும் சரியாக நூறு வரும் என்பதில்லை. தொண்ணூறும் வரலாம், நூற்றுப் பத்தும் வரலாம். எக்காரணமும் இன்றித் தற்செயலாகவே இவ்வளவு ஏற்ற இறக்கம் நிகழும். நூறை எண்ணினால் ஏறத்தாழப் பத்து, அதாவது 10 விழுக்காடு ஐயம் எஞ்சும். பத்தாயிரத்தை எண்ணினால் ஐயம் ஏறத்தாழ நூறு, அதாவது 1 விழுக்காடாகக் குறையும். பகல் இரவு வேறுபாட்டால் கதிர்களில் நிகழும் மாற்றமோ 1 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே பல இலட்சம் துகள்களைப் பொறுமையாக எண்ணினாலன்றி, மாற்றம் உண்மையா தற்செயலா என்று சொல்ல இயலாது. அவசரப்பட்டு முடிவு கூறுவோர்க்கு இத்துறையில் இடமில்லை.

இப்பொறுமையை விக்ரம் இளமையிலேயே கைவரப் பெற்றார். போர் முடிந்ததும் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று, வெப்பமண்டலப் பகுதிகளில் காஸ்மிக் கதிர்கள் பற்றிய ஆய்வுக்காக 1947இல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார்.

ஆய்வுக்கூடமும் ஆலையும்

நாடு விடுதலை பெற்ற அவ்வாண்டில் சாராபாய்க்கு வயது 28. அகமதாபாத் எம்.ஜி. அறிவியல் கழகத்தின் சில அறைகளில், 1947 நவம்பர் 11ஆம் நாள் இயற்பியல் ஆய்வுக்கூடம் அவருடைய முயற்சியால் தொடங்கப்பட்டது. பாலக்காட்டுக் கல்பாத்தியைச் சேர்ந்த வானிலை அறிஞர் கே. ஆர். இராமநாதன் அதன் முதல் இயக்குநரானார். பின்னர் கொடைக்கானல், திருவனந்தபுரம், குல்மார்க் ஆகிய இடங்களிலும் கதிர்களை எண்ணும் நிலையங்கள் அமைக்கப்பட்டன.

அதே ஆண்டின் இறுதியில் மற்றொரு நிறுவனமும் தோன்றியது. அகமதாபாத் துணித் தொழில் ஆராய்ச்சிக் கழகம் என்பது அதன் பெயர். சுருக்கமாக அடிரா என்பர். இதன் தோற்றத்தில் சாராபாய்க்குப் பெருந்துணையாக நின்றவர் ஆலை அதிபர் கஸ்தூர்பாய் லால்பாய். ஆனந்த்ஜி கல்யாண்ஜி அறக்கட்டளையின் தலைவராக நெடுங்காலம் விளங்கி, ராணக்பூர் போன்ற ஜினாலயங்களின் திருப்பணியை முன்னின்று நடத்திய பெருமகனாராக அவரை நம்மவர் அறிவர். ஒன்றோடொன்று போட்டியிடும் ஆலைகள் சேர்ந்து பொருள் வழங்க, அரசும் உதவ, எல்லோர்க்கும் பொதுவாக ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்கும் முறை இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் முன்பே இருந்தது. அம்முறையை இந்தியத் துணித் தொழிலில் முதலில் நிலைநாட்டியது அடிரா எனலாம்.

சாராபாய் அதன் கௌரவ இயக்குநராக 1956 வரை பணியாற்றினார். அவர் துணித் தொழில்நுட்பம் பயின்றவரல்லர். அவர் தேர்ந்தெடுத்த இளைஞர்களுள்ளும் பலர் ஆலை வாசலையே மிதித்தறியாத இயற்பியல், வேதியியல், புள்ளியியல் மாணவர்கள். முப்பதாண்டு அனுபவம் உடைய ஆலை மேற்பார்வையாளருக்கு இவ்விளைஞர்கள் என்ன சொல்லித் தர முடியும் என்ற ஐயம் எழுந்ததில் வியப்பில்லை. அனுபவத்தோடு போட்டியிடுவது சாராபாயின் நோக்கமன்று. அனுபவம் கண்ணால் மதிப்பிட்டதைக் கருவியால் அளந்து காட்டுவதே அவர் தம் இளைஞர்க்கு இட்ட பணி.

தற்செயலும் காரணமும்

நூற்பாலையில் சுழலும் ஸ்பிண்டிலுக்கும் தமிழில் கதிர் என்றே பெயர். வானத்துக் கதிர்களை எண்ணியவர் ஆலைக் கதிர்களை எண்ணத் தலைப்பட்டார். கதிரில் ஓடும் இழை அவ்வப்போது அறும். அறும் இழையைத் தொழிலாளி முடிந்து விட வேண்டும். மிகுதியாக அறுந்தால் உற்பத்தி குறையும்; தொழிலாளியின் கால்கள் ஓயும்; நூலின் தரமும் கெடும். ஒரு மணியில் எத்தனை இழை அறுகிறது என்பதும், காஸ்மிக் துகள்கள் எத்தனை வருகின்றன என்பதும் கணித முறையில் நெருங்கிய உறவினர். இரண்டிலும் தற்செயல் உண்டு; அதன் பின்னால் மறைந்து நிற்கும் காரணமும் உண்டு. பஞ்சின் தரம், காற்றின் ஈரம், எந்திரத்தின் தேய்மானம் ஆகியவை காரணங்கள். இவற்றைத் தற்செயலிலிருந்து பிரித்தறிவதே ஆய்வாளனின் தொழில்.

இதற்கான கணக்கு முறையை ஆலைகளுக்காக வகுத்தவர் அமெரிக்க அறிஞர் வால்டர் ஷூஹார்ட். பேராசிரியர் மகலனோபிஸ் அவர்களின் அழைப்பின் பேரில் அவர் 1947-48இல் இந்தியா வந்து சென்றார். அதன்பின் புள்ளியியல் தரக் கட்டுப்பாடு என்னும் துறை நம் நாட்டில் வேரூன்றியது. அம்முறையை ஆலைத் தளத்திற்குக் கொண்டு சேர்த்த நிலையங்களுள் அடிராவும் ஒன்று.

இம்முறையில் அறம் ஒன்றும் அடங்கியுள்ளது. நாள்தோறும் கழிவுப் பீஸ்களை எண்ணி ஒரு தாளில் புள்ளியிட்டு வந்தால், வழக்கமான ஏற்ற இறக்கத்தின் எல்லை தெரிந்து விடும். மூன்றும் ஏழும் அவ்வெல்லைக்குள் இருந்தால், தையற்காரரைத் திட்டுவது அநியாயம். அவர் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை. முறையை மாற்றினாலன்றி அந்த எண் குறையாது. எல்லையைத் தாண்டினால் காரணத்தைத் தேட வேண்டும். அக்காரணம் நூலிலும் இருக்கலாம், சாயத்திலும் இருக்கலாம், முதலாளி வாங்கிய மலிவான ஊசியிலும் இருக்கலாம். ஒரு பொருளைப் பல நோக்கிலும் கண்ட பின்னரே அதைப் பற்றிப் பேச வேண்டும் என்னும் அநேகாந்த நெறியைப் போற்றும் நமக்கு இதன் அருமை எளிதில் விளங்கும்.

தறிக்கூடத்து மனிதர்கள்

எண்களை மட்டும் நம்பி மனிதரை மறந்தவரல்லர் சாராபாய். அடிராவில் மனித உறவுகளை ஆராய்வதற்கென்றே தனிப் பிரிவு அமைக்கப்பட்டது. கமலா சௌத்ரி என்னும் உளவியல் அறிஞர் அதன் தலைவியாக விளங்கினார். துணி ஆராய்ச்சி நிலையத்தில் உளவியலுக்கு என்ன வேலை என்று அக்காலத்தில் பலர் வியந்திருப்பர்.

அதற்கு விடையாக அமைந்தது 1953இல் காலிகோ ஆலையில் நிகழ்ந்த சோதனை. அவ்வாலை அப்போது விக்ரமின் தமையனார் கௌதம் சாராபாயின் பொறுப்பில் இருந்தது. தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டும் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. துணியில் சேதமும் மிகுந்தது. இலண்டன் டாவிஸ்டாக் நிலையத்து அறிஞர் ஏ. கே. ரைஸ் அழைக்கப்பட்டார். நெய்பவர், நூல் நிரப்புபவர், பழுது பார்ப்பவர் என ஒவ்வொருவரும் தத்தம் வேலையை மட்டும் செய்ததால், ஒரு தறியின் நலத்துக்கு முழுப் பொறுப்பாளர் எவரும் இல்லை என்பதை அவர் கண்டார். குறிப்பிட்ட சில தறிகளுக்கு ஒரு சிறு குழு பொறுப்பேற்கும் புதிய ஏற்பாடு முன்வைக்கப்பட்டதும், தொழிலாளர்களே கூடித் தமக்குள் குழு பிரித்துக் கொண்டனர். அதன்பின் உற்பத்தித் திறன் உயர்ந்தது, சேதம் குறைந்தது. இன்றும் மேலாண்மைக் கல்வியில் இச்சோதனை பாடமாக உள்ளது.

இதில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. தம்மைத் தண்டிப்பதற்காகவே கடிகாரத்தோடு ஒருவர் நிற்கிறார் என்று தொழிலாளி எண்ணினால், அவர் தரும் கணக்கு பொய்யாகவே இருக்கும். தம் இரகசியம் அண்டை ஆலைக்குப் போய்விடும் என்று முதலாளி அஞ்சினால், அவர் தரும் கணக்கும் அத்தகையதே. புள்ளி விவரத்தை நம்பி நடக்கும் எந்நிறுவனத்துக்கும் முதல் மூலதனம் நம்பிக்கை. பகை ஆலைகளை ஒரே கூரையின் கீழ் அமர்த்தி அந்நம்பிக்கையை ஈட்டியதே அடிராவின் பெருஞ்சாதனை.

சந்தையை எண்ணிய நிறுவனம்

1950களில் குடும்பத்தின் மருந்துத் தொழிலான பரோடா சாராபாய் கெமிக்கல்ஸ் நிறுவனத்தின் பொறுப்பும் விக்ரமிடம் வந்தது. மருந்துத் தொழிலில் ஒரு பெரிய இடர்ப்பாடு உண்டு. ஆலை தன் சரக்கை மொத்த வியாபாரிக்கு விற்கும். அவர் சில்லறைக் கடைக்கு விற்பார். நோயாளி என்ன வாங்கினார் என்பது ஆலைக்குத் தெரியாது. மொத்த வியாபாரியின் கிடங்கில் சரக்குத் தேங்கிக் கிடக்கையில், நன்றாக விற்கிறது என்று கருதி ஆலை மேலும் மேலும் செய்து கொண்டிருக்கும்.

இதற்குத் தீர்வாக, 1960ஆம் ஆண்டு பரோடாவில் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் குரூப் என்னும் நிறுவனத்தை அவர் தொடங்கினார். ஓ.ஆர்.ஜி. என வழங்கப்பெற்ற இது, சந்தை ஆய்வையே தொழிலாகக் கொண்ட இந்திய நிறுவனங்களுள் முன்னோடியாகும்.

ஆபரேஷன்ஸ் ரிசர்ச் என்பது இரண்டாம் உலகப் போரில் பிறந்த துறை. பிரிட்டனில் அதனை வளர்த்தவர்களுள் தலையாயவர் பேட்ரிக் பிளாக்கெட். காஸ்மிக் கதிர் ஆய்வுக்கு அவர் ஆற்றிய தொண்டையும் கருதி 1948இல் நோபல் பரிசு பெற்றவர். கடலில் மூழ்கிய கப்பல்களின் கணக்கை ஆராய்ந்து, சிறு சிறு கூட்டமாகச் செல்வதினும் பெருங்கூட்டமாகச் செல்லும் கப்பல்களுக்கே இழப்பு விகிதம் குறைவு என்று அவருடைய குழு கண்டறிந்தது. கதிர்களை எண்ணிப் பழகிய அறிவே கப்பல்களையும் காத்தது. அதே துறையிலிருந்து வந்த சாராபாய் அவ்வறிவைக் கடை வீதிக்குக் கொண்டு சென்றார்.

கடைக் கணக்கெடுப்பின் முறை எளியது. மாதிரியாகத் தேர்ந்தெடுத்த கடைகளுக்குக் குறித்த காலத்தில் கணக்கெடுப்பவர் செல்வார். முன்பு இருந்த இருப்போடு இடையில் வாங்கிய சரக்கைக் கூட்டி, இப்போதுள்ள இருப்பைக் கழித்தால் விற்றது எவ்வளவு என்பது தெரியும். அமெரிக்காவில் நீல்சன் என்பவர் 1930களில் மருந்துக் கடைகளில் இதனைத் தொடங்கியிருந்தார். ஒரு கடையின் கணக்கு பெரிதாக எதையும் சொல்லாது. சரியாகத் தேர்ந்த பல கடைகளின் கணக்கு ஒரு நாட்டின் நாடியைக் காட்டும்.

ஓ.ஆர்.ஜி. தன் குடும்ப நிறுவனங்களுக்கு மட்டுமன்றிப் பிற நிறுவனங்களுக்கும் பணி செய்தது. ஆய்வுக்கூடத்து அறிவு, விலை கொடுத்து வாங்கத்தக்க சேவையாக மாறியது. பிற்காலத்தில் அது மார்க் என்னும் நிறுவனத்தோடு இணைந்து ஓ.ஆர்.ஜி.-மார்க் ஆயிற்று. இன்று இளைஞர் பலர் கணினியின் துணையோடு தொடங்கும் தரவு நிறுவனங்களுக்கு இந்திய மண்ணில் அதனை ஒரு மூத்த சகோதரன் எனலாம். 1961இல் அகமதாபாத்தில் இந்திய மேலாண்மைக் கழகம் தோன்றியபோது, அதன் முதல் கௌரவ இயக்குநராக இருந்து 1965 வரை வளர்த்தவரும் சாராபாயே. அடிராவில் உளவியல் பிரிவை நடத்திய கமலா சௌத்ரி அங்கும் தொடக்க காலத் தூண்களுள் ஒருவரானார்.

விண்வெளியும் இறுதி நாட்களும்

பின்னர் நடந்தவை நாடறிந்தவை. 1962இல் விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழு அமைந்தது. பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டிய தும்பாக் கடற்கரையிலிருந்து, 1963 நவம்பர் 21ஆம் நாள் முதல் ஆய்வு ராக்கெட் விண்ணில் ஏறியது. இராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாம் இப்பணியில் சேர்ந்ததும் அக்காலத்தில்தான். 1966இல் ஹோமி பாபா விமான விபத்தில் மறைந்தபின், அணுசக்திக் குழுவின் தலைமையும் சாராபாயின் தோளில் ஏறியது. 1969 ஆகஸ்டு 15இல் இஸ்ரோ உருவாயிற்று. செயற்கைக்கோள் வழியே சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சிக் கல்வி அளிக்க வேண்டும் என்ற அவருடைய திட்டம், அவர் மறைந்த பின் 1975-76இல் 2,400 சிற்றூர்களில் நிறைவேறியது.

இத்தனை பொறுப்புகளையும் ஒருங்கே சுமந்த உடல் ஓய்வு கண்டதில்லை. 1971 டிசம்பர் 30ஆம் நாள், பணியின் பொருட்டுத் திருவனந்தபுரம் சென்று கோவளத்தில் தங்கியிருந்த இடத்தில், உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 52. 1966இல் பத்மபூஷண் பெற்ற அவருக்கு, மறைவுக்குப் பின் 1972இல் பத்மவிபூஷண் விருது வழங்கப்பட்டது. 2023 ஆகஸ்டு 23ஆம் நாள் நிலவின் தென்முனைப் பகுதியில் இறங்கிய சந்திரயான்-3 இறங்கு கலத்துக்கு விக்ரம் என்பதே பெயர்.

கொங்கு நாட்டுக்கு ஒரு பாடம்

அடிரா காட்டிய வழியில் 1954இல் பம்பாயிலும், 1956இல் கோயம்புத்தூரிலும் துணி ஆராய்ச்சிக் கழகங்கள் எழுந்தன. கோவையில் அமைந்த தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தைச் சிட்ரா என்று கொங்கு நாட்டு ஆலைக்காரர் யாவரும் அறிவர். பல ஆலைகளின் உற்பத்தியையும் செலவையும் ஒப்பிட்டு, தாம் எங்கே பின்தங்கியிருக்கிறோம் என்பதை ஒவ்வோர் ஆலையும் அறியச் செய்யும் அதன் ஆய்வுகள் புகழ்பெற்றவை. அகமதாபாத்தில் ஊன்றிய விதை நொய்யல் நாட்டிலும் முளைத்தது.

எனினும் உண்மையை மறைத்தல் தகாது. ஆராய்ச்சியின் துணை இருந்தும் அகமதாபாத்தின் பெரிய ஆலைகள் பல 1980களிலும் 1990களிலும் மூடப்பட்டன. காலிகோ ஆலையும் அவற்றுள் ஒன்று. எண் வழியைக் காட்டும், நடப்பவர் நாமே.

திருப்பூரும் இதே பாடத்தைத் துன்பப்பட்டுக் கற்றது. சாயப்பட்டறைக் கழிவால் நொய்யல் நீரில் உப்பு ஏறி வந்தது யாரும் அறியாத இரகசியமன்று. அளந்து எழுதிய கணக்கு இருந்தது. பாசனத்துக்காக 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குளமாயிற்று. உழவர் நிலம் கெட்டது. எண்ணற்ற சிற்றுயிர்கள் மாண்டன. முடிவில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவு நீரை ஒரு துளியும் வெளியேற்றாத முறைக்கு மாறிய பின்னரே அவை மீண்டும் இயங்கின. அளந்து அறிந்த தீமையைத் தடுக்காமல் இருப்பதும் இம்சையே என்பதை இதைவிடத் தெளிவாக எடுத்துரைக்கும் நிகழ்ச்சி வேறில்லை.

இன்று திருப்பூர், கோவை வட்டாரத்தில் படித்த இளைஞர்கள் ஆய்வறிவைக் கொண்டு புதிய நிறுவனங்களைத் தொடங்கி வருகின்றனர். தறியின் ஓட்டத்தையும் சாயத்தின் நிறத்தையும் கணினி நொடிக்கு நொடி எண்ணுகிறது. சாராபாய் இளைஞராக இருந்தபோது மாதக்கணக்கில் திரட்டிய எண்ணிக்கை இன்று ஒரு பொழுதில் குவிகிறது. கருவி மாறினும் கேள்வி மாறவில்லை. எண்ணியது உண்மையா? கணக்கைத் தந்தவருக்கு அதனால் நன்மை விளைந்ததா? குறையைக் கண்டபின் திருத்தினோமா? நம் வீட்டு இளைஞர் ஒருவர் நாளை இத்தகைய நிறுவனம் ஒன்றை நிறுவுவாராயின், இம்மூன்றையும் தம் வாசலிலேயே எழுதி வைத்தல் நலம்.

எண்ணுதல் என்னும் தமிழ்ச் சொல்லுக்குக் கணக்கிடுதல், சிந்தித்தல் என இரு பொருள் உண்டு. அவ்விரண்டையும் பிரிக்காமல் வாழ்ந்து காட்டியவர் விக்ரம் சாராபாய். திருப்பூரில் இன்று மாலையும் செக்கிங் மேசையில் கழிவுப் பீஸ்கள் எண்ணப்படும். எண்ணி முடித்தவர் தையற்காரரை நோக்கிக் குரலை உயர்த்தும் முன் ஒரு கணம் நின்று எண்ணிப் பார்ப்பாராயின், அதுவே அப்பெருமகனாருக்கு நாம் செலுத்தும் மெய்யான அஞ்சலியாகும்.